விட்டுவிட்டுத் தோன்றும் பழுது
(சிறு விமானத்தின் மறுமொழிக்கருவியை எடுத்துக்காட்டாகக் கொண்ட ஓர் ஆராய்வு)

இரவெல்லாம் காய்ந்த காய்ச்சல், வைத்தியர் வந்து நாடி பார்க்கும் வேளையில் தணிந்திருப்பதுண்டு. நோயாளி நோய் உண்டு என்பார். நாடியோ இல்லை என்று காட்டும். இரண்டும் மெய்யே. பொறிகளின் உலகிலும் இத்தகைய நிலை உண்டு. முற்றாகக் கெட்ட கருவியைத் திருத்துதல் அத்துணை அரிதன்று. கெட்ட உறுப்புக் கெட்டவாறே இருந்து திருத்துநரின் வரவை எதிர்நோக்கியிருக்கும். ஒருவேளை இயங்கி, ஒருவேளை ஓய்ந்து, சோதிக்க முற்படுங்கால் குற்றமற்றதெனத் தோன்றும் கருவியே அவருடைய அறிவையும் பொறுமையையும் ஒருங்கே சோதிப்பது. அத்தகைய பழுதின் இயல்பையும் அதனைக் கண்டறியும் முறையையும் விளக்குதற்குச் சிறு விமானங்களிற் பொருத்தப்படும் திரான்ஸ்பொண்டர் என்னுங் கருவி தக்கதோர் எடுத்துக்காட்டாகும். வினவுக்கு விடை கூறுவதே அதன் தொழிலாதலின், அதனை மறுமொழிக்கருவி என வழங்கலாம்.

கருவியின் தொழில்

தரையிலுள்ள றேடார் வானலைகளைச் செலுத்தி, விமானத்தின் உடலிற் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு அதன் இடத்தை அறியும். ஆயின் எதிரொலி தன் பெயரைக் கூறுவதில்லை; அது நட்பினதோ பகையினதோ என்றும் உணர்த்துவதில்லை. இக்குறையை நீக்கும் பொருட்டே, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், றேடாரின் வினவைக் கேட்டுத் தானே விடையிறுக்குங் கருவிகள் பிரித்தானிய விமானங்களிற் பொருத்தப்பட்டன. போர்க்கால விமானிகள் அதனைக் கிளி என்னும் மறைபெயரால் வழங்கினர். இன்றும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஒரு குறியீட்டெண்ணை இடுமாறு விமானியைப் பணிக்கையில், பறவை கத்துதலைக் குறிக்கும் 'ஸ்குவோக்' என்னுஞ் சொல்லையே ஆளுகின்றனர்.

தரை நிலையம் 1030 மெகாஹேர்ட்சு மீடிறனில் வினவும். விமானம் 1090 மெகாஹேர்ட்சு மீடிறனில் விடை கூறும். வினவின் இரு முதன்மைத் துடிப்புகள் 8 மைக்குரோசெக்கன் இடைவெளியில் வரின், 'நீ யார்?' என்பது பொருள். அவை 21 மைக்குரோசெக்கன் இடைவெளியில் வரின், 'எவ்வளவு உயரத்தில் உள்ளாய்?' என்பது பொருள். முன்னதை ஏ முறை என்றும், பின்னதைச் சி முறை என்றும் வழங்குவர். விடை, எல்லை காட்டும் இரு துடிப்புகளுக்கிடையே பன்னிரண்டு துடிப்புகள் இருத்தலாலும் இல்லாமையாலும் அமைவது. 0 முதல் 7 வரையுள்ள இலக்கங்களாலாகிய நான்கிலக்க எண்கள் 4096 இவ்வாறு அமையும். அவற்றுள் 7500 விமானக் கடத்தலையும், 7600 வானொலித் தொடர்பின் இழப்பையும், 7700 பேரிடரையும் உணர்த்துவனவென உலகெங்கும் ஒதுக்கப்பட்டுள்ளன.

பழுதினால் விளையும் கேடு

இக்கருவி ஓய்ந்தாலும் விமானம் பறந்துகொண்டேயிருக்கும். பொறி நின்றால் விமானி அக்கணமே அறிவார். மறுமொழிக்கருவி ஊமையானால் பெரும்பாலும் அறியமாட்டார். பிரேசில் நாட்டில் 2006 செப்ரெம்பர் 29 ஆம் நாள், அமேசன் காட்டின்மேல் ஒரு சிறு ஜெற் விமானமும் ஒரு போயிங் 737 விமானமும் மோதியபோது, சிறு விமானத்தின் கருவி நெடுநேரமாக விடையிறுக்காதிருந்ததை அதன் விமானிகள் உணர்ந்திலர். போயிங் விமானத்திலிருந்த 154 பேரும் மாண்டனர். அங்கு நிகழ்ந்தது கருவிப்பழுதன்று. கருவி தவறுதலாக ஓய்வுநிலையில் விடப்பட்டதே. எனினும் அதன் மௌனம் எவ்வளவு எளிதிற் கவனிக்கப்படாது போகும் என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்றாகும்.

சிறு விமானங்களைப் பொறுத்தவரையில் நினைவுகூரத்தக்கது 1986 ஓகஸ்ட் 31 ஆம் நாள் கலிபோர்ணியாவின் செரிற்றோஸ் நகரின்மேல் நிகழ்ந்த விபத்தாகும். லொஸ் ஏஞ்சலிஸ் நோக்கி இறங்கிக்கொண்டிருந்த ஏரோமெக்சிக்கோ டி.சி. 9 விமானமும், அனுமதியின்றி அவ்வான்பரப்பினுட் புகுந்த பைப்பர் ஆச்சர் என்னும் ஒற்றைப்பொறி விமானமும் மோதின. வானில் 67 பேரும் தரையில் 15 பேருமாக 82 பேர் உயிரிழந்தனர். சிறு விமானத்தின் கருவி அதன் இடத்தைக் காட்டவல்லதாயினும், உயரத்தை அறிவிக்கும் உறுப்பு அதில் இல்லை. விபத்திற்கு இஃதொன்றே காரணமன்று. ஆயினும் அதன் பின்னரே, பெரிய விமான நிலையங்களைச் சூழ்ந்த 30 கடல்மைல் எல்லைக்குள் உயரமறிவிக்குங் கருவி வேண்டும் என்னும் விதி ஐக்கிய அமெரிக்காவில் வந்தது. பயணிகள் விமானங்களில் மோதல்தடுப்புக் கருவியும் கட்டாயமாயிற்று. அத்தடுப்புக் கருவியும் பிற விமானங்களின் மறுமொழியையே நம்பியுள்ளது. மறுமொழி கூறாத விமானம் அதற்குப் புலனாகாது. பொய்யுயரங் கூறும் விமானம் அதனை ஏமாற்றும்.

ஆதலின், 'எப்போதாவது ஒருமுறைதானே ஓய்கின்றது' என்று இப்பழுதைப் பொறுத்துக்கொள்ளுதல் தகாது. ஓயும் அவ்வொரு வேளை எது என்பது எவர்க்குந் தெரியாது.

பழுதின் உண்மை இயல்பு

விட்டுவிட்டுத் தோன்றும் பழுது என்பதொன்று உண்மையில் உண்டா என்று ஆராய்தல் வேண்டும். காரணமின்றிக் காரியம் இல்லை. கம்பி தன் விருப்பம்போல் ஒருநாள் மின்னைச் செலுத்தி மறுநாள் மறுப்பதில்லை. வெப்பம், அதிர்வு, ஈரம், மின்னழுத்தம், உயரம், விமானத்தின் சாய்வு என்பனவற்றுள் யாதோ ஒன்று மாறும்போதே அதன் நடத்தையும் மாறுகின்றது. அந்நிபந்தனை அமைந்தபோதெல்லாம் பழுது தவறாது தோன்றும், அமையாதபோது தோன்றாது. எனவே விட்டுவிட்டு நிகழ்வது பழுதன்று, அதன் நிபந்தனையே. நிபந்தனை அறியப்படாதவரை பழுது ஒழுங்கற்றதெனத் தோன்றும். அறியப்பட்டவுடன் அஃது ஒழுங்குடையதாகிவிடும்.

தருக்க நூலார் இம்முறையை நன்கறிவர். ஒன்று உள்ளவிடத்து மற்றொன்று உளதாதல் அன்வயம். ஒன்று இல்லாதவிடத்து மற்றொன்று இலதாதல் வெதிரேகம். புகையையுந் தீயையும் வைத்து அவர் விளக்கிய இவ்விரண்டுமே திருத்துநருக்கும் வழிகாட்டிகளாகும். பழுது தோன்றிய வேளைகளில் எது இருந்தது என்பதோடு, தோன்றாத வேளைகளில் எது இல்லாதிருந்தது என்பதையும் அவர் கேட்டறிதல் வேண்டும்.

பழுதல்லாதவற்றை முதலில் நீக்குதல்

முதற்கண் ஆராயவேண்டியது பழுது உண்டா என்பதே. இவ்வானலைகள் ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்வனவாதலின், நிலவளைவும் மலைகளும் அவற்றை மறைக்கும். கடல்மட்டத்திலுள்ள றேடாருக்கு 1000 அடி உயரத்திற் பறக்கும் விமானம், இடையே தடை எதுவும் இல்லாதவிடத்தும், ஏறத்தாழ 39 கடல்மைலுக்கு அப்பால் அடிவானின்கீழ் மறைந்துவிடும். இனி, அன்ரெனா எனப்படும் உணர்கொம்பு விமானத்தின் அடிப்புறத்தே பொருத்தப்பட்டிருத்தலின், விமானம் றேடார் உள்ள பக்கமாகச் சாய்ந்து திரும்புங்கால் அதன் உடலும் இறக்கையும் சில செக்கன்களுக்கு உணர்கொம்பை மறைத்தலுங் கூடும். உயரத்தை அளக்கும் குறியாக்கிகள் பலவற்றில் வெப்பமூட்டி உண்டு. அது சூடேறும் வரை சில நிமிடங்களுக்கு உயரம் அறிவிக்கப்படாது. குறித்த ஒரு மலைப்பக்கத்தில் மாத்திரம், அல்லது திரும்பும்போது மாத்திரம், அல்லது புறப்பட்ட சில நிமிடங்களில் மாத்திரம் மறுமொழி மறையுமாயின், கருவியைக் கழற்றுமுன் இவற்றை எண்ணுதல் நன்று.

வினவு வழியும் விடை வழியும்

பழுது உண்டெனத் துணிந்தபின், அஃது எப்பகுதியது என்று இரண்டாகப் பகுத்தல் அடுத்த படியாகும். பழைய கருவிகள் பலவற்றின் முகப்பில், மறுமொழி கூறுந்தோறும் மினுங்கும் ஒரு சிறு விளக்கு உண்டு. றேடாரின் எல்லைக்குள் விளக்கு மினுங்கியும் கட்டுப்பாட்டாளர் திரையில் விமானம் தோன்றாவிடின், வினவு கேட்கின்றது, விடையே சென்று சேரவில்லை எனக் கொள்ளலாம். அப்போது செலுத்தியின் வலுக்குறைவும், மீடிறன் பிறழ்ச்சியும், வடத்தின் இழப்பும் ஐயத்துக்குரியன. விளக்கு மினுங்காதாயின், வினவே உள்ளே வரவில்லை, அல்லது கருவிக்கு மின் வரவில்லை, அல்லது வேறொன்று அதன் வாயை அடைக்கின்றது எனக் கொள்ளலாம். விளக்கு மினுங்குதல் விடை கூறப்பட்டதற்கே சான்று; அவ்விடை தக்க வலுவுடன் வெளியேறியதற்குச் சான்றாகாது. இவ்வேறுபாட்டை மறந்து, மினுங்கும் விளக்கைக் கண்டு மனநிறைவடைந்தோர் பலர்.

விடை போதிய வலுவின்றிச் செல்வதாயின், முதலில் நோக்கவேண்டியவை எளியனவே. கருவி, பலகையிலுள்ள தட்டில் வழுக்கிச் சென்று அமர்ந்து, ஒரு திருகாணியாற் பூட்டப்படுவது. அது முற்றாக அமராது மயிரளவு முன்தள்ளியிருப்பின், பின்புறத்து முனைகள் அதிர்வின்போது தொட்டும் விட்டும் நிற்கும். கருவியைக் கழற்றி, முனைகளைத் துடைத்து, மீண்டும் இறுக அமர்த்துவதாலேயே தீர்ந்த பழுதுகள் மிகப் பல. அடுத்து, கருவிக்கும் உணர்கொம்புக்கும் இடையேயுள்ள ஓரச்சு வடம். 1090 மெகாஹேர்ட்சில் அலைநீளம் 27.5 சதமமீற்றரே, ஆதலின் தாழ்ந்த மீடிறனிற் குற்றமற்றதாகத் தோன்றும் வடமும் இணைப்பியும் இங்குப் பெரிதும் விழுங்கிவிடும். 3 டெசிபெல் இழப்பு வலுவைப் பாதியாக்கும். பழைய விமானங்களிலுள்ள ஆர்.ஜி. 58 வகை வடத்தைக் களைந்து, இழப்புக் குறைந்த ஆர்.ஜி. 400 வகையை இடுதல் இதனாலேயே வழக்கமாயிற்று.

உணர்கொம்போ ஏழு சதமமீற்றர் அளவினதாகிய சிறு கோல். விமானத்தின் உலோகத்தோல் அதற்குத் தரைத்தளமாகப் பயன்படுகின்றது. பொறியிலிருந்து ஒழுகும் எண்ணெயும் ஓடுபாதைச் சேறும் அதன் அடியிற் படிந்து, உணர்கொம்பின் அடித்தட்டுக்கும் தோலுக்கும் இடையே அரிப்பை விளைப்பின், மின்தொடர்பு நலியும். அது வறண்ட நாளில் ஒருவாறும் ஈரநாளில் வேறொருவாறும் நடந்துகொள்ளும். கண்ணுக்குத் தூயதாகத் தோன்றுதல் போதாது. தடையை அளந்து பார்த்தல் வேண்டும்.

வெப்பமும் மின்னழுத்தமும்

புறப்பட்டு அரைமணி கழிந்தபின்னரே பழுது தோன்றுமாயின் வெப்பத்தை ஐயுறல் வேண்டும். பழைய கருவிகளின் செலுத்தி, உலோகக் குழிக்குள் அமைந்த வெற்றிடக் குழாயால் ஆனது. காலஞ் செல்லச்செல்ல அதன் மீடிறன் பிறழும். சூடேறும்போது பின்னும் நகரும். குளிர்ந்த பொழுதில் மேசைமீது வைத்துச் சோதிக்கும் திருத்துநர் அதனைக் குற்றமற்றதென்பார். பற்றாசு விட்டுப்போன இணைப்பும் அத்தகையதே. சூடு அதனை விரித்து விலக்கும், குளிர் அதனை மீண்டும் பொருத்தும். இத்தகைய கருவியை அடைத்த இடத்தில் நெடுநேரம் இயக்கிச் சூடேறவைத்தே சோதித்தல் வேண்டும்.

தரையிறங்கும் விளக்கை ஏற்றியவுடன் பழுது தோன்றுமாயின் மின்னழுத்தத்தை ஐயுறல் வேண்டும். சிறு விமானங்களின் மின்தொகுதி 14 அல்லது 28 உவோற்றினது. நெகிழ்ந்த மின்பிறப்பாக்கிப் பட்டி, தேய்ந்த ஆளி, முதுமையடைந்த சுற்றுடைப்பான் என்பன சுமை கூடும்போது அழுத்தத்தைத் தாழ்த்தும். அளவீடு மின்கலவடுக்கின் முனையிலன்று, கருவியின் முனையிலேயே எடுக்கப்படல் வேண்டும்; இரண்டுக்கும் இடையிலேயே பழுது ஒளிந்திருத்தல் கூடும். இனி, தூரமளக்கும் கருவியுள்ள விமானங்களில், ஒன்று பேசும்போது மற்றொன்று வாளாவிருக்குமாறு இரண்டையும் ஓர் அடக்குகம்பி இணைக்கும். அக்கம்பியிற் குறையுண்டாயின் மறுமொழிக்கருவி காரணமின்றி ஊமையாகும். தூரமளக்குங் கருவியை நிறுத்திப் பார்த்தலே அதற்குரிய வெதிரேகச் சோதனை.

உயரம் பொய்க்கும் விந்தை

விட்டுவிட்டுத் தோன்றுவதாகக் கருதப்படும் பழுது உண்மையில் நிலையானதே என்பதற்குத் தலைசிறந்த சான்று உயரக்குறியீட்டில் உண்டு. பழைய முறையில், குறியாக்கி உயரத்தை நூறு நூறு அடிகளாகப் பகுத்து, பல தனிக்கம்பிகளின் வழியே மறுமொழிக்கருவிக்கு அறிவிக்கும். ஒவ்வொரு கம்பியும் ஆம் அல்லது இல்லை என்பதையே கூறும். நூறடிக்கு ஒரு கம்பியின் நிலையே மாறுமாறு இக்குறியீடு வகுக்கப்பட்டுள்ளது. ஒரு படியிலிருந்து மறுபடிக்குச் செல்லுங்கால் பெரும்பிழை நேராதிருத்தற்காகவே இவ்வேற்பாடு.

இக்கம்பிகளுள் ஏ4 என்பது அறுந்ததெனக் கொள்க. கடல்மட்டத்திலிருந்து 2700 அடி வரையில் அக்கம்பிக்குத் தொழில் இல்லை. ஆதலின் அறிவிக்கப்படும் உயரம் முற்றுஞ் சரியாக இருக்கும். 2800 அடியில் அது 'ஆம்' எனல் வேண்டும், அறுந்தமையாற் கூறவில்லை. அப்போது 2800 என்பது 2700 என அறிவிக்கப்படும். 3000 அடி 2500 எனவும், 4000 அடி 1500 எனவும், 5000 அடி 500 எனவும் அறிவிக்கப்படும். விமானம் ஏற ஏற, திரையில் அது கண்ணாடியில் தோன்றும் நிழல்போல இறங்கிக்கொண்டே செல்லும். 10,700 அடி வரை அக்கம்பியின் தொழில் நீடிப்பதால், அதுவரை அறிவிப்புப் பொய்க்கும். 10,800 அடியில் மீண்டும் மெய்யாகும்.

தாழப் பறந்த நாளில் விமானிக்கு எக்குறையும் தோன்றியிராது. உயரப் பறந்த நாளில், உயரந் தவறு என்று கட்டுப்பாட்டாளர் எச்சரித்திருப்பார். இறங்கியபின் திருத்துநர் சோதித்தால், கடல்மட்டத்தை அடுத்த கொட்டகையில் எல்லாம் செவ்வனே இருக்கும். 'விட்டுவிட்டுத் தோன்றும் பழுது' என்று ஏட்டில் எழுதப்படும். ஆனால் அக்கம்பி ஒரு கணமேனும் ஒட்டியிருந்ததில்லை. அது முழுநேரமும் அறுந்தே கிடந்தது. எந்த உயரத்தில் எந்த உயரம் காட்டப்பட்டது என்னும் இரண்டு எண்கள் குறிக்கப்பட்டிருப்பின், குறியீட்டு அட்டவணையைக் கொண்டு, கருவியைத் தொடாமலே இன்ன கம்பி என்று சுட்டிவிடலாம்.

விமானத்தின் நிலையமுக்கக் குழாயுடன் சோதனைக் கருவியை இணைத்து, அமுக்கத்தைப் படிப்படியாகக் குறைத்து, உயரத்தைப் போலியாக உண்டாக்கியும் இதனைக் கண்டறியலாம். அப்போது தரையில் நிற்கும் விமானம் தான் 5000 அடியில் இருப்பதாக வானுக்கு அறிவிக்குமாதலின், மேலே செல்லும் விமானங்களின் மோதல்தடுப்புக் கருவி வீணே அலறாதவாறு உணர்கொம்பை மறைத்தல் வேண்டும். மறுமொழிக்கருவியை 24 மாதத்துக்கு ஒருமுறை சோதித்தல் வேண்டும் என்பது ஐக்கிய அமெரிக்க விதி. விமானியின் உயரமானி காட்டுவதற்கும் கருவி அறிவிப்பதற்குமிடையே 125 அடிக்கு மேற்பட்ட வேறுபாடு பொதுவாக இருத்தலாகாது என்பதும் அந்நாட்டு விதியாகும்.

குறிப்பேட்டின் பயன்

இப்பழுதுகளில் மிகுதியாகச் செய்யப்படும் தவறு, காரணம் அறியுமுன் கருவியை மாற்றுதலாகும். கழற்றிய கருவி பணிமனைக்குச் செல்லும்; பழுது காணப்படவில்லை என்னுஞ் சீட்டுடன் திரும்பும்; மீண்டும் பொருத்தப்படும்; சிலநாட் செவ்வனே இயங்கும். கருவியைக் கழற்றிப் பூட்டியதால் முனைகள் துடைபட்டமையே அதற்குக் காரணமாயிருத்தல் கூடும். பல உறுப்புகளை ஒரேவேளையில் மாற்றுதலும் அத்தகைய தவறே. பழுது நீங்கினும் எதனால் நீங்கிற்று என்பது விளங்காது; அது மீண்டும் வரும்போது ஆராய்ச்சி தொடங்கிய இடத்திலேயே நிற்கும்.

ஆதலின் இவ்வாராய்ச்சியின் முதற்படி திருத்துநர் கையிலன்று, விமானி கையிலேயே உள்ளது. 'கருவி சிலவேளை இயங்கவில்லை' என்னும் குறிப்பு எவர்க்கும் பயன்படாது. புறப்பட்டு எத்தனை நிமிடத்தில், எவ்வுயரத்தில், எத்திசை நோக்கி, எந்நிலையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில், நேராகவோ சாய்ந்தோ, எவ்வெவ் விளக்குகளும் கருவிகளும் இயங்குகையில், மறுமொழி விளக்கு மினுங்கியதோ இல்லையோ என எழுதப்படும் குறிப்பு, பாதித் திருத்தமாகும். ஐந்தாறு பறப்புகளின் குறிப்புகளை அருகருகே வைத்து நோக்குமிடத்து, நிபந்தனை தானே வெளிப்படும்.

இக்காலத்துக் கருவிகள் பெரிதும் மாறியுள்ளன. எஸ் முறைக் கருவி ஒவ்வொரு விமானத்துக்கும் 24 இருமவிலக்க முகவரி ஒன்றைத் தாங்கி நிற்கும். வெற்றிடக் குழாய்க்கு மாற்றாகக் குறைகடத்திகள் வந்தன. உயரத்தைக் கூறிய கம்பிக்கட்டுக்கு மாற்றாகப் பல விமானங்களில் ஓரிரு கம்பிகளே போதுமாயின. ஐக்கிய அமெரிக்காவில் 2020 சனவரி 1 முதல், கட்டுப்பாட்டுக்குட்பட்ட வான்பரப்பின் பெரும்பகுதியில், வினவை எதிர்பாராது தன் இடத்தைத் தானே அறிவிக்கும் ஏற்பாடும் கட்டாயமாயிற்று. ஒரு பறப்பின்போது அவ்வறிவிப்பு எவ்வாறு இருந்தது என்பதனை விமானி வேண்டின் அந்நாட்டு வான்போக்குவரத்து நிருவாகமே அறிக்கையாக வழங்குகின்றது. எனினும் உணர்கொம்பின் அடியில் எண்ணெய் படிதல் ஒழிந்திலது. தட்டில் அமராத கருவியின் முனைகள் தொட்டும் விட்டும் நிற்றல் ஒழிந்திலது. கருவி புதிதாயினும் அதனை விமானத்தோடு பிணிக்கும் இணைப்புகள் பழையனவே.

சோதனையிற் பழுது தோன்றாமை, பழுது இல்லாமைக்குச் சான்றாகாது. பழுது தோன்றும் நிபந்தனை சோதனையில் அமையவில்லை என்பதற்கே அது சான்றாதல் கூடும். 'பழுது காணப்படவில்லை' என்று எழுதுவதற்கும் 'பழுது இல்லை' என்று எழுதுவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை உணர்ந்த திருத்துநரே அவ்விமானத்தை மீண்டும் வானில் விடத் தக்கவராவர்.